பொதுநிலையினரின் இறையியல் கல்வி: டெல்லியை முன்வைத்து ஒரு வாதம்

இயேசு சபையினர் டார்ஜிலிங் மலைப்பகுதியிலுள்ள கர்சியாங்கில் நடத்திவந்த இறையியல் கல்லூரி, 1970களின் தொடக்கத்தில் டெல்லிக்கு இடம்பெயர்ந்து வித்யாஜோதி என்று பெயர் பெற்றது. பல சமயத்தவரும் பல மாநிலத்தவரும் நெருக்கியடித்து வாழும் தலைநகரம், மலையின் அமைதியைவிடக் குருமாணவர்க்கு ஏற்ற படிப்பிடம் என்பதே அம்மாற்றத்தின் உட்பொருளாக எனக்குப் படுகிறது. அப்படியானால் அதே நகரத்தில் பிழைப்பு நடத்தும் கத்தோலிக்கச் செவிலியரும் எழுத்தரும் ஓட்டுநரும் வீட்டுவேலை செய்யும் பெண்களும் இறையியலின் வினாக்களுக்கு நடுவிலேயே வாழ்கிறார்கள். அவ்வினாக்களை எண்ணிப் பார்க்கும் பயிற்சிதான் அவர்களுக்கு வாய்ப்பதில்லை. பெரும்பாலோர்க்கு உறுதிபூசுதலோடு மறைக்கல்வி முடிந்துவிடுகிறது. பிறகு ஞாயிறு மறையுரை மட்டுமே.

தீவிர சிகிச்சைப் பிரிவை எடுத்துக்கொள்வோம். செயற்கைச் சுவாசக் கருவியில் தந்தை கிடக்கிறார். இனித் தேற வழியில்லை என்கிறார் மருத்துவர். கருவியை அகற்றச் சம்மதித்தால் கொலைப் பாவமாகுமோ என்று மகள் நடுங்குகிறாள். இயல்புக்கு மீறிய சிகிச்சையைத் தொடரும் கடமை எவருக்கும் இல்லை என்று திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் 1957இலேயே மருத்துவர்களிடம் எடுத்துரைத்தார். 1980இல் வத்திக்கான் வெளியிட்ட கருணைக்கொலை பற்றிய அறிக்கை, உயிரைப் போக்குவதையும் பயனற்ற, பெருஞ்சுமையான சிகிச்சையைக் கைவிடுவதையும் தெளிவாக வேறுபடுத்தியது. இந்திய உச்ச நீதிமன்றம் 2018இல் உயிர்காப்புச் சிகிச்சையை விலக்க நிபந்தனைகளுடன் அனுமதித்தபின், இம்முடிவில் குடும்பங்களும் பங்கேற்க வேண்டியதாகிவிட்டது. அந்த மகளுக்கு இவ்வேறுபாடு தெரிந்திருந்தால், ஆயுள் முழுக்கச் சுமக்கவிருக்கும் குற்ற உணர்விலிருந்து தப்பியிருப்பாள். பங்குத்தந்தையை அழைத்துக் கேட்கலாமே என்பார்கள். நள்ளிரவில் கையெழுத்துக் கேட்கப்படும்போது அருகில் நிற்பவர் பெரும்பாலும் அவரல்லர்.

சமயப் பன்மையும் இப்படித்தான். கர்சியாங்கிலும் பின்னர் டெல்லியிலும் கற்பித்த ஜாக் துப்புயி, பிற சமயங்களில் கடவுளின் மீட்புச் செயலை எப்படிப் புரிந்துகொள்வது என்று 1997இல் ஒரு பெருநூல் எழுதினார். அதிலுள்ள தெளிவின்மைகளைச் சுட்டி 2001இல் வத்திக்கான் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. அறிஞர்களே இவ்வளவு கவனத்தோடு நடக்க வேண்டிய நிலம் இது. இந்து இளைஞரை மணக்கும் கத்தோலிக்கப் பெண்ணோ, பிள்ளைகளுக்குத் திருமுழுக்கு அளிக்கத் தன்னால் இயன்றதெல்லாம் செய்வதாகத் திருஅவைச் சட்டம் 1125இன்படி வாக்களிக்கிறாள். மாமியார் வீட்டில் அதற்குக் காரணம் கேட்டால், அவர்களுடைய நம்பிக்கையை இழிவுபடுத்தாமலும் தன்னுடையதை மழுப்பாமலும் விடைசொல்ல அவளுக்கு யார் கற்றுக்கொடுத்தார்கள்?

இறையியல் எளியவரின் விசுவாசத்தைக் குழப்பிவிடும் என்ற அச்சம் நேர்மையானதே. அரைகுறையாகப் படித்துவிட்டுப் பங்கில் சண்டையிடுவோர் உண்டு. ஆனால் படிக்காதவர்க்குக் குழப்பம் வராது என்பதற்கு ஆதாரமில்லை. கைபேசியில் வரும் எந்தப் போதகரும் அவர்களை இழுத்துச் சென்றுவிடலாம். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் வெளியிட்ட ‘இன்றைய உலகில் திருஅவை’ என்னும் ஏடு, பொதுநிலையினர் பலரும் இறையியல் சார்ந்த துறைகளில் போதிய பயிற்சி பெற வேண்டுமென விரும்பியது. 1983ஆம் ஆண்டின் சட்டத் தொகுப்பு, எண் 229இல், மறைக் கோட்பாட்டைத் தத்தம் திறமைக்கேற்பக் கற்பதை அவர்களுடைய உரிமையென்றும் கடமையென்றும் வகுத்தது. உரிமை என்றால், அதற்கு வழிசெய்யும் பொறுப்பு மறைமாவட்டத்துக்கு உண்டு.

தமிழ்க் கத்தோலிக்கர்க்குப் பொதுநிலையினரின் இந்தக் கல்வி புதியதன்று. 1578இல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ மறைக்கல்வி நூல்தான். வீரமாமுனிவர் 1727இல் எழுதிய ‘வேதியர் ஒழுக்கம்’ பொதுநிலையினரான உபதேசியார்களுக்காகவே எழுந்தது. புனித தேவசகாயத்தின் வாழ்வு இன்னும் வலுவான சான்று. துன்பத்தில் தவித்திருந்த அவருக்கு யோபுவின் வரலாற்றை எடுத்துரைத்தவர் குரு அல்லர். குளச்சல் போரில் சிறைப்பட்டு, திருவிதாங்கூர்ப் படைத்தலைவராக உயர்ந்த டி லனாய். நல்லவன் ஏன் துன்புறுகிறான் என்ற இறையியல் வினாவை இரு பொதுநிலையினர் பேசிக்கொண்டதன் தொடர்ச்சியாகவே 1745இல் வடக்கன்குளத்தில் அவருடைய திருமுழுக்கு நிகழ்ந்தது. 2022இல் அவர் புனிதராக அறிவிக்கப்பட்டார்.

டெல்லியில் உயர்நிலை இறையியல் ஆங்கிலத்திலேயே நடக்கிறது. தமிழ்நாட்டிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்து உழைப்போர்க்கு அந்த வாசல் திறந்திருந்தும் பயனில்லை. தமிழிலும் இந்தியிலும், வேலை முடிந்த மாலைகளிலும் ஞாயிறு திருப்பலிக்குப் பிறகும், கட்டணமின்றி, பங்கு வளாகங்களிலேயே வகுப்புகள் தொடங்க வேண்டும். பாடத்திட்டத்தை வகுக்கும் குழுவில் செவிலியர் ஒருவரும் கலப்புமணம் செய்துகொண்ட ஒருவரும் இடம்பெற வேண்டும். எதைக் கற்பிக்க வேண்டும் என்பதை அறிந்தவர்கள் அவர்கள்.