கலஹாச் சாலையும் முதியோர் கல்வியும்



பேராதனைப் பல்கலைக்கழக வளாகத்தினூடே ஒரு சாலை செல்கின்றது. கலஹாச் சந்தியில் தொடங்கி, மலையேறிக் கலஹாவை அடைகின்றது. அதற்கப்பால், தெல்தோட்டைப் பக்கத்தில், லூல்கந்துரைத் தோட்டம் உள்ளது. ஜேம்ஸ் டெய்லர் 1867ஆம் ஆண்டில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டது அங்கேதான்.

ஆக, ஆசிரியருக்குக் கற்பிப்போரும் கொழுந்து பறிப்போரும் ஒரே சாலையில் வாழ்கின்றனர். அவர்களிடையே கல்வி எவ்வாறு சென்றது என்பதே நாம் ஆராய வேண்டிய வரலாறு.

1920ஆம் ஆண்டின் கல்விச் சட்டம், 6 முதல் 10 வயது வரையுள்ள தோட்டப் பிள்ளைகளுக்குக் கல்வி அளிக்கும் பொறுப்பைத் தோட்ட நிருவாகத்தின்மீது சுமத்தியது. பல தோட்டங்களில் ஓர் அறையும் ஓர் ஆசிரியருமே பள்ளிக்கூடம் எனப்பட்டன. பிள்ளைகளின் பெற்றோரைப் பற்றி எவர் கவலை கொண்டனர்?

அந்தக் கவலையின்மைக்கு விலை கொடுக்க நேர்ந்தது. 1931இல் சர்வசன வாக்குரிமை வந்தபோது, நிரந்தர வசிப்பை நிறுவ இயலாத இந்தியத் தமிழரிடம் கேட்கப்பட்ட தகுதிகளுள் எழுத்தறிவும் ஒன்று. 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் விண்ணப்பித்தோர், தாம் இடையறாது இந்நாட்டில் வசித்தமைக்குச் சான்று காட்ட வேண்டியிருந்தது. தம் பெயரையே வாசிக்கவறியாதவர் பத்திரங்களை எங்ஙனம் திரட்டுவர்? அதே 1949இல்தான் யுனெஸ்கோ, டென்மார்க்கின் எல்சினோர் நகரில், முதலாவது உலக முதியோர் கல்வி மாநாட்டைக் கூட்டிற்று!

முதியவர் வளர்ந்த குழந்தையல்லர். கொழுந்தின் நிறையும், கூலியும், அதிற் பிடிக்கப்படும் காசும் அவருக்கு மனப்பாடம். அங்கிருந்தே பாடம் தொடங்க வேண்டும். பிள்ளைகளுக்குக் கற்பிக்க மட்டும் பயின்ற ஆசிரியர் இதனைத் தனியே கண்டறிதல் அரிது.

இன்று அவருக்குத் துணைநிற்க வல்ல நிலையங்கள் உள்ளன. பேராதனையிற் கல்வியியற் புலமை உண்டு. 1980இல் நிறுவப்பட்ட திறந்த பல்கலைக்கழகத்திற்குத் தொலைக்கல்வி அனுபவம் உண்டு. ஜெர்மனியின் உதவியுடன் பத்தனையில் எழுந்த ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி தோட்டப் பள்ளிகளை நன்கறியும். இவை தனித்தனியே உழைத்தால், ஒன்றின் அறிவு மற்றொன்றிற்குக் குறையாகவே இருக்கும். ஒருவர் பாடநூல் எழுத, மற்றவர் லயத்திலே அதனைச் சோதிக்க, கற்பவரின் தடுமாற்றம் எழுதியவரிடம் திரும்பி வரவேண்டும். அதுவே கூட்டுழைப்பு.

கலஹாச் சாலை மலைமேல் ஏறுவதற்கு மட்டும் அமைந்ததன்று. இறங்குவதற்கும் அதுவே வழி. அறிவும் அவ்வாறே இருபுறமும் செல்லுமாக.