வானத்து ஆவணமும் வனத்தின் வரலாறும்

ஆவணங்களைக் காப்பது அரசின் கடமைகளுள் ஒன்று. ஆயின் எதைக் காப்பது, எவ்வளவு காலம் காப்பது, யாருக்குக் காட்டுவது என்னும் மூன்று வினாக்களுக்கும் விடை காண்பது எளிதன்று. அரசு அலுவலகங்களில் கோப்புகளோடு பழகும் நம் போன்றோர் இதனை நன்கறிவோம். ஒரு தலைமுறை பயனற்றதெனக் கழித்ததை அடுத்த தலைமுறை தேடி அலைவதும் உண்டு. நம் நாட்டுக் காடுகளை வானிலிருந்து அளந்த வரலாறு இவ்வுண்மைக்கு ஏற்றதொரு சான்றாகும்.

காடு என்பது நெடுங்காலம் பதிவேட்டில் இருந்த ஒரு பெயரே. சட்டப்படி காடென அறிவிக்கப்பட்டு ஏட்டில் ஏறிய நிலம், நாட்டின் மொத்தப் பரப்பில் ஏறத்தாழ 23 விழுக்காடு. அந்நிலத்தில் மரம் நிற்கின்றதா என்பதைப் பதிவேடு சொல்லாது. மரம் வெட்டுண்டு நிலம் வெறுமையான பின்னரும் ஏட்டில் அது காடாகவே விளங்கும்.

இந்நிலையை மாற்ற வழிவகுத்தது, 1972 சூலை 23-இல் அமெரிக்கா ஏவிய செயற்கைக்கோள். பின்னர் அது லேண்ட்சாட் எனப் பெயர் பெற்றது. அதில் முதன்மையானதெனக் கருதப்பட்ட ஒளிப்படக் கருவி சில வாரங்களிலேயே செயலிழந்தது. துணைக் கருவியாகச் சென்ற வருடியே முழுச் சுமையையும் தாங்கிற்று. அதனை வடிவமைத்தவர் வர்ஜீனியா நார்வுட் என்னும் பெண்மணி. செழித்த இலை சிவப்பொளியை விழுங்கி, கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பொளியை மிகுதியாகத் திருப்பி அனுப்பும். இவ்விரண்டையும் தனித்தனியே எண்களாகப் பதிந்ததால், பசுமை எங்குளது, எங்கு அழிந்தது என்பதை அக்கருவி காட்டியது. 18 நாள்களுக்கு ஒருமுறை அதே இடத்தின் மேல் மீண்டும் வந்து படம் எடுத்தது.

நம் நாட்டில் 1974-இல் தேசியத் தொலையுணர்வு முகமை தோன்றியது. 1979-இல் ஐதராபாத்தை அடுத்த ஷாத்நகரில், லேண்ட்சாட் செய்திகளை நேரே பெறும் நிலையம் இயங்கத் தொடங்கிற்று. 1972-75, 1980-82 ஆகிய இரு காலப் படங்களை முகமை ஒப்பிட்டது. காட்டின் பரப்பு 16.89 விழுக்காட்டிலிருந்து 14.10 விழுக்காடாகக் குறைந்துவிட்டதென அது அறிவித்தது. ஏடு கூறிய 23 எங்கே, இந்த 14 எங்கே! ஆயினும் 1981-இல் அமைந்த இந்திய வன அளவைத் துறை ஏறத்தாழ அதே காலத்துப் படங்களை ஆராய்ந்து வேறு எண் கண்டது. இரு நிறுவனங்களும் தம் கணக்குகளை ஒப்பிட்டு இணக்கம் கண்டன. 1987-இல் வெளிவந்த முதல் வன நிலை அறிக்கை, காட்டின் பரப்பு ஏறத்தாழ 19.5 விழுக்காடு என்றது.

அறிஞர்களிடையே எண்கள் மாறுபட்டன என்று நகைப்பதற்குரிய செய்தியன்று இது. படங்கள் கையிலிருந்ததாலேயே மறுபடியும் பார்க்க முடிந்தது என்பதே இங்கு நாம் கருதத்தக்கது. அறிக்கையில் அச்சேறிய எண் ஒரு நாளின் தீர்ப்பு. காப்பறையிலுள்ள படமோ எந்நாளும் மறு விசாரணைக்கு வரக்கூடிய சாட்சி.

அச்சாட்சியின் தேவை இன்று மேலும் பெருகியுள்ளது. 2023-ஆம் ஆண்டு அறிக்கை காட்டின் பரப்பை 21.76 விழுக்காடெனக் கூறுகிறது. அப்படியாயின் காடு வளர்ந்துவிட்டதா? 1987-இல் 400 ஹெக்டேருக்குக் குறைந்த மரக்கூட்டம் கணக்கில் வரவில்லை. இன்று 1 ஹெக்டேரும் வருகிறது. அந்த 1 ஹெக்டேரில் மரக்கவிகை 10 விழுக்காடு இருந்தால் போதும்; பழத்தோட்டமும் காப்பித் தோட்டமும் இக்கணக்கில் அடங்கும். அளவுகோல் மாறியபின் பழைய எண்ணையும் புதிய எண்ணையும் அருகருகே வைத்து மகிழ்வதும் பிழை, வருந்துவதும் பிழை. பழைய படத்தைப் புதிய அளவுகோல் கொண்டு மீண்டும் படிப்பதே முறை. நிலப்பரப்பில் மூன்றிலொரு பங்கு காடும் மரமும் சூழ்ந்திருக்க வேண்டும் என்பது 1988-ஆம் ஆண்டு தேசிய வனக் கொள்கையின் குறிக்கோள். நாம் அதனை நெருங்குகிறோமா, விலகுகிறோமா என்பதை வேறெவ்வாறு அறிவது?

காப்பதோடு கடமை முடிவதில்லை. காந்த நாடாக்கள் காலத்தால் நலியும். அவற்றைப் படிக்கும் பொறிகள் வழக்கொழியும். ஆதலின் செய்திகளைப் பழைய நாடாவிலிருந்து புதியதற்குப் பெயர்த்தெழுதுவது ஓயாத பணி. நம் முன்னோர் நைந்த ஓலையைப் புதிய ஓலையில் படியெடுத்துக் காத்தது போன்றதே இதுவும். மற்றொரு தடை விலை. 1980-களில் விற்பனை தனியாரிடம் சென்றபோது ஒரு லேண்ட்சாட் படத்தின் விலை 4,400 டாலர் வரை உயர்ந்தது. ஏழை நாட்டு ஆய்வாளர் என் செய்வார்? 2008-இல் அமெரிக்க அரசு அக்காப்பகம் முழுவதையும் கட்டணமின்றித் திறந்துவிட்டது. முன்னர் விற்பனை மிகுந்த ஆண்டிலும் சுமார் 25,000 படங்களே விலைபோயின. திறந்த முதல் ஆண்டிலேயே 10 இலட்சத்துக்கும் மேற்பட்டவை எடுத்துச் செல்லப்பட்டன. அதன் பயனாக 2013-இல், ஆறரை இலட்சம் படங்களைக் கணிப்பொறிகளால் ஆராய்ந்து ஓர் அறிஞர் குழு உண்மையொன்றை வெளியிட்டது. 2000 முதல் 2012 வரை உலகம் 23 இலட்சம் சதுர கிலோமீட்டர் காட்டை இழந்தது என்பதே அது. மீண்டு வளர்ந்ததோ 8 இலட்சமே.

1988 மார்ச்சு 17 முதல் நமக்கென்று முழுப் பயன்பாட்டுக்குரிய தொலையுணர்வுச் செயற்கைக்கோள்கள் உள்ளன. 2023-ஆம் ஆண்டின் இந்திய விண்வெளிக் கொள்கை, மிக நுண்ணியவை அல்லாத படங்களை, அதாவது 5 மீட்டரும் அதற்கு மேற்பட்ட அளவுமுடைய படங்களை, யாவரும் கட்டணமின்றிப் பெறலாம் என்கிறது. நன்று. அக்கொள்கை செயலாவது நாடாவைப் படியெடுப்பவர், பட்டியல் தொகுப்பவர், கேட்டவர்க்கு மறுக்காது கொடுப்பவர் ஆகியோர் கையிலுளது. பெயர் வெளித்தெரியாத அவர்களும் நம் போன்ற ஊழியர்களே. காட்டைக் காக்கும் காவலருள் காப்பறையைக் காப்பவரையும் நாம் சேர்த்தெண்ணுவோமாக.