நிலக்கீழ் அறையில் ஒரு மூடை அரிசி

சுவிஸில் இருப்பவர்களுக்கு இது புதிய விடயமல்ல. மற்ற நாடுகளில் இருந்து வாசிப்பவர்களுக்காக முதலில் சொல்லிவிடுகிறேன். இங்கே பெரும்பாலான அடுக்குமாடிகளின் அடியில் ஒரு நிலக்கீழ் அறை இருக்கும். அதன் வாசலில் தள்ளுவதற்கே பலம் வேண்டிய கொங்கிறீற் கதவு. குண்டு விழுந்தால் சனம் ஓடி ஒளிப்பதற்குக் கட்டியது. 1963இல் வந்த சட்டம் புதுக் கட்டடங்களுக்கு இதைக் கட்டாயமாக்கியது. சமாதான காலத்தில் அதை மரச் சட்டங்களால் பிரித்து வீட்டுக்கு ஒன்றாகக் கொடுத்திருப்பார்கள். சுவிஸ்காரரின் பகுதியில் பனிச்சறுக்குப் பலகை, வைன் போத்தல், பழைய சைக்கிள். எங்கடை ஆட்களின் பகுதியை மணத்திலேயே பிடித்துவிடலாம். 20 கிலோ அரிசி மூடை, செத்தல் மிளகாய், கருவாட்டுப் பொதி, ஊரில் இருந்து யாரோ கொண்டுவந்த ஒடியல் மா.

நான் 1996இல் இங்கு வந்தவன். வந்த புதிதில் ஒரு விடயம் எனக்குப் பெரிய ஆச்சரியமாக இருந்தது. இந்த நாட்டில் அரசாங்கமே சனத்தைப் பார்த்து "வீட்டில் சாமான் வாங்கிச் சேர்த்து வை" என்று சொல்கிறது. 'க்ளூகர் ராட், நோட்ஃபோராட்' என்பது இங்கே வயதானவர்கள் எல்லோருக்கும் தெரிந்த வாசகம். புத்தியான யோசனை, அவசரத்துக்கான சேமிப்பு என்று பொருள். ஜேர்மன் மொழியில் எதுகையோடு வரும். நான் விட்டுவந்த இடத்திலோ, பத்து பற்றரி கையில் வைத்திருந்தாலே பிடித்து விசாரிப்பார்கள். ஒரு நாடு ஏன் இப்படி ஆனது என்று தெரிந்துகொள்ள விரும்பினேன். கிடைத்த நேரத்தில் வாசித்தும், கிழவர் கிழவிகளிடம் கேட்டும் அறிந்ததைத்தான் எழுதுகிறேன்.

சுவிஸ் என்றால் வங்கி, சொக்லேற், பால், வெண்ணெய் என்று நினைக்கிறோம். 1918இல் இங்கே சனம் பட்டினி கிடந்தது. முதலாம் உலகப்போரில் சுவிஸ் சண்டை பிடிக்கவில்லை, ஆனால் பாண் சுடும் தானியத்தில் பெரும்பகுதி வெளியில் இருந்துதான் வரவேண்டும். சண்டை சில மாதங்களில் முடிந்துவிடும் என்று எல்லோரையும் போல இவர்களும் நம்பி, எந்த ஆயத்தமும் செய்யவில்லை. நாலு வருடத்தில் விலைவாசி இரண்டு மடங்கானது. ஆண்களை எல்லைக் காவலுக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். போனவனுக்குச் சம்பளம் இல்லை, கொஞ்சப் படிக்காசு மட்டும். வீட்டில் பெண்சாதி பிள்ளைகள் எதைத் தின்பது என்று ஒருவரும் யோசிக்கவில்லை. பாணுக்கும் மாவுக்கும் பங்கீடு வந்ததே 1917 ஒக்டோபரில்தான். அதற்குள் இருப்பவன் வாங்கிச் சேர்த்துவிட்டான், இல்லாதவன் வரிசையில் நின்றான். 1918இல் கிட்டத்தட்ட ஏழு இலட்சம் பேர், அதாவது நாட்டில் ஏறக்குறைய ஆறில் ஒருவர், அரச உதவியில் மலிவுச் சாப்பாட்டை நம்பி இருந்தார்கள்.

அந்த வருடம் ஜூனில் சூரிச்சில் பெண்கள் ஊர்வலமாக மாநிலச் சபைக் கட்டடத்தின் முன்னால் போய் நின்றார்கள். முன்னின்றவர் ரோசா ப்ளொக். கேட்டது பாலும் மாவும். பின்னர் சபைக்குள்ளேயே போய்ப் பேசவும் விட்டார்கள். சுவிஸ் பெண்களுக்குத் தேசிய மட்டத்தில் வாக்குரிமை கிடைத்ததே 1971இல் என்பதை நினைத்தால், அது எவ்வளவு பெரிய விடயம் என்று விளங்கும். நவம்பர் 12இல் பொது வேலைநிறுத்தம் தொடங்கியது. இரண்டரை இலட்சம் தொழிலாளர் வேலையை விட்டு நின்றார்கள். அவர்கள் வைத்த ஒன்பது கோரிக்கைகளில் ஒன்று உணவு விநியோகத்தை உறுதிப்படுத்து என்பது. அரசாங்கம் இராணுவத்தை இறக்கியது. மூன்றாம் நாள் வேலைநிறுத்தத்தைக் கைவிட்டார்கள். அன்றைக்கே கிறெஞ்சன் என்ற சிறு பட்டினத்தில் மூன்று தொழிலாளரைப் படையினர் சுட்டுக் கொன்றார்கள். தலைவர்களில் ஒருவரான றொபேட் கிறிம் ஆறு மாதம் சிறைக்குப் போனார்.

இனி வருவதுதான் எனக்கு முக்கியமாகப் படும் பகுதி. இருபது வருடம் கழித்து மீண்டும் யுத்த மேகம் சூழ்ந்தபோது இந்த நாடு 1918ஐ மறக்கவில்லை. பொருளாதார அமைச்சராக இருந்தவர் ஹேர்மன் ஒப்றெக்ற். அவர் பிறந்த ஊரும் அதே கிறெஞ்சன்தான். 1938இலேயே அத்தியாவசியப் பொருள் விநியோகத்துக்கு ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். 1939 வசந்த காலத்தில், சண்டை தொடங்க முன்னரே, ஒவ்வொரு குடும்பமும் இரண்டு மாதத்துக்கான உலர் உணவை வாங்கி வைக்கும்படி அறிவித்தார்கள். சீனி, அரிசி, மாக்கறோனி, பருப்பு வகை, மா, எண்ணெய் இப்படி. ஓகஸ்ட் கடைசியில் நிலைமை முற்றியதும், அதே சாமான்களின் விற்பனையை இரண்டு மாதத்துக்கு நிறுத்திவிட்டார்கள். சனம் தன் அலுமாரியில் இருப்பதைச் சாப்பிட, அந்த இடைவெளியில் அரசாங்கம் பங்கீட்டு அட்டை முறையை ஒழுங்குபடுத்தியது. நவம்பரில் பங்கீடு தொடங்கியது. 1917இல் நடந்ததுபோல கடைசி நேரத்தில் கடைகளைத் துடைத்து எடுக்க யாருக்கும் வழி இருக்கவில்லை.

இரண்டு மாதச் சாமானை ஒரேயடியாக வாங்க எல்லோரிடமும் காசு இருக்குமா? இல்லைத்தானே. அதையும் யோசித்திருக்கிறார்கள். வசதி குறைந்த குடும்பங்கள் விற்பனை நிறுத்தப்பட்ட காலத்திலும் வாங்குவதற்கென்று நீல நிற அட்டை இருந்தது. 1918இல் வரிசையில் நின்று வெறுங்கையோடு திரும்பிய அதே ஆட்களுக்காகச் செய்த வேலை இது. சேமிப்பு என்பது காசுள்ளவனின் பழக்கம் என்பதை ஒரு அரசாங்கம் ஒத்துக்கொண்டு அதற்கு வழியும் செய்தது என்பதை வாசித்தபோது, புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் இருந்தேன்.

இன்னொன்றையும் செய்தார்கள். 1940 பெப்ரவரி முதல், காவலுக்குப் போனவனின் சம்பள இழப்பை ஈடுசெய்ய ஒரு நிதி ஏற்படுத்தினார்கள். சுவிஸில் வேலை செய்பவர்கள் மாதச் சம்பளத் துண்டில் ஆ-ஹா-ஃபௌ, ஈ-ஃபௌ என்று கழித்திருப்பதன் பக்கத்தில் ஏ-ஓ என்று இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதன் மூலம் இதுதான். சிறைக்குப் போன றொபேட் கிறிம்? அவரைக் கூப்பிட்டு யுத்தகால எரிபொருள், மின்சார விநியோகத்துக்குப் பொறுப்பாக வைத்தார்கள்.

அதன் பிறகு நடந்ததை இங்கே பள்ளிக்கூடத்தில் பெருமையாகப் படிப்பிக்கிறார்கள். என்னுடைய மகளும் கொப்பி நிறைய எழுதிக்கொண்டு வந்தாள். 1940 நடுப்பகுதியில் நாட்டைச் சுற்றி எல்லாப் பக்கமும் ஹிட்லரும் முசோலினியும். நவம்பரில் வாலன் என்ற வேளாண் அறிஞர் தன் திட்டத்தை அறிவித்தார். புல்வெளி, பூங்கா, உதைபந்தாட்டத் திடல் எல்லாவற்றையும் கொத்தி உருளைக்கிழங்கும் தானியமும் போட்டார்கள். சூரிச் நகரின் நடுவே இருக்கும் ஸெக்ஸலொய்ற்றன் சதுக்கமும் தோட்டமானது. சுமார் 1,83,000 ஹெக்டேயர் பயிர்நிலம் 3,50,000 அளவுக்கு வந்தது. இருந்தும் நாடு தன் சாப்பாடு முழுவதையும் தானே விளைவிக்கவில்லை, சிறு முன்னேற்றம்தான். மீதி, எதிரியோடும் நண்பனோடும் பேரம் பேசி வந்தது. 1941இல் கடலே இல்லாத இந்த நாடு சொந்தக் கொடியோடு வணிகக் கப்பல்களும் ஓட்டத் தொடங்கியது. பாணைச் சுட்ட அன்றைக்கே விற்கத் தடை. சுடச்சுட இருந்தால் சனம் கூடச் சாப்பிட்டுவிடும் என்பதுதான் காரணம். எங்கள் கட்டடத்தில் இருந்த ஒரு வயதான அம்மா, சாகும் வரைக்கும் புதுப் பாணை ஒரு நாள் வைத்துத்தான் வெட்டுவார். கடைசிப் பங்கீட்டு அட்டை ஒழிந்தது 1948இல்.

இதே காலத்தில் எங்கள் பக்கத்தில் என்ன நடந்தது? 1942இல் பர்மாவை யப்பான்காரன் பிடித்ததும் இலங்கைக்கு வந்த அரிசி நின்றது. கூப்பன் வந்தது அப்போதுதான். அரிசிக்குப் பதிலாகக் கோதம்பை மா கொடுத்தார்கள். "முதலிலை அந்த மாவிலை என்ன செய்யிறதெண்டே தெரியாது" என்று அம்மம்மா சொல்லுவா. ஆனால் யாழ்ப்பாணத்துச் சனம் அரசாங்கம் சொல்லித்தான் சேமிக்கவேண்டும் என்று இருக்கவில்லை. மழையை நம்பி ஒரு போகம் விதைக்கிற ஊர். வீட்டில் நெல்லுக் கோற்காலி, அடுப்புக்கு மேலே பரண், அதில் பெட்டி நிறையப் பனாட்டு. ஒடியல், புழுக்கொடியல், மோர் மிளகாய், வேப்பம்பூ வடகம், முட்டியில் உப்புப் போட்டு அமத்திய புளி. ஒவ்வொன்றும் அடுத்த மாரி வரைக்கும் தாக்குப்பிடிக்கவேண்டும். பனை எங்களுக்கு வெறும் மரம் அல்ல, குதிர் என்று சொல்லலாம்.

1990 ஜூனில் மீண்டும் சண்டை தொடங்கிய பிறகு அந்தப் பழைய அறிவுதான் எங்களைக் காப்பாற்றியது. பொருளாதாரத் தடை என்று ஒரு பட்டியல். எரிபொருள், பற்றரி, சீமெந்து, உரம் என்று நீண்டுகொண்டு போகும். மின்சாரம் இல்லை. ஜாம் போத்தலுக்குள் கொஞ்சப் பஞ்சும் துளி மண்ணெண்ணெயும் விட்டுத் திரி கொளுத்திப் படித்தோம். சவர்க்காரத்துக்குப் பனம்பழம். சீனிக்குப் பனங்கட்டி. சைக்கிள் டைனமோவைச் சுற்றி றேடியோவில் செய்தி கேட்டோம். சங்கக்கடையில் நிவாரண அரிசி வந்தால் அன்றைக்கு ஊரே அங்கே நிற்கும். மீதிச் சாமான் கிளாலிக் கடலால், உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வருகிறவர்களோடு வந்தது. அப்படி வந்ததில் சிலர் கரை சேரவே இல்லை. வன்னிக்கு அந்தத் தடை 2002 ஜனவரி வரைக்கும் இருந்தது. 2006 ஓகஸ்டில் ஏ9 பாதையை மூடியதும் குடாநாட்டில் திரும்பவும் அதே கதை. இவ்வளவும் கடந்து, 1995 ஒக்டோபர் 30இல் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தபோது, எங்கள் வீட்டுக் கோற்காலியில் நெல் பாதிக்கு மேல் இருந்தது. தலையில் தூக்கக்கூடியதை மட்டும்தான் கொண்டுபோனோம். எந்தச் சேமிப்புக்கும் கால் கிடையாது.

ஜேர்மன் மொழியில் 'ஹம்ஸ்ரேர்ண்' என்று ஒரு சொல் இருக்கிறது. ஹம்ஸ்ரர் என்ற எலி கன்னத்துக்குள் தானியத்தை அடக்கிக்கொண்டு ஓடுவதுபோல சாமான் பதுக்குவதைச் சொல்வது. சேமிப்பது கடமை, பதுக்குவது அசிங்கம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் பெரும்பாலும் நேரம்தான். கடையில் சாமான் நிறைந்திருக்கும்போது வாங்கினால் நீ நல்ல குடிமகன். தட்டுப்பாடு வந்த பிறகு ஓடிப்போய் வாங்கினால் நீ எலி. 1956இல் சுயஸ் பிரச்சினையும் ஹங்கேரிப் பிரச்சினையும் ஒன்றாக வந்தபோது சுவிஸ் சனம் எலியானது. 2020 மார்ச்சில் கொரோனாவுக்கும் அப்படியே. மாக்கறோனித் தட்டும் மலசலகூடக் கடுதாசித் தட்டும் வெறுமையாகக் கிடந்ததை நானே பார்த்தேன். அந்தக் கிழமை தமிழ்க் கடைகளில் அரிசிக்கு நடந்த இழுபறியைப் பற்றி எழுதினால் சிலர் கோபிப்பார்கள், விட்டுவிடுகிறேன்.

1969இல் வீட்டுக்கு வீடு ஒரு சிவப்புப் புத்தகம் அனுப்பினார்கள். 26 இலட்சம் பிரதி. குடிசார் பாதுகாப்பு என்று பெயர். அணுகுண்டு விழுந்தால் என்ன செய்வது, அலுமாரியில் என்ன வைப்பது என்பதோடு, நாட்டுக்குள் இருக்கும் துரோகிகளை எப்படி அடையாளம் காண்பது என்றும் இருந்ததால் எழுத்தாளர்கள் பலர் கொதித்தெழுந்தார்கள். அவர்கள் பக்கம்தான் நியாயம் என்பது என் எண்ணம். அரிசி வைக்கச் சொல்வதோடு நிறுத்தியிருக்கலாம்.

இப்போது எதிர்பார்ப்பைக் குறைத்துவிட்டார்கள். ஒரு கிழமைக்கான சாப்பாடு, ஆளுக்கு 9 லீற்றர் தண்ணீர். மற்றப்படி நாட்டின் சேமிப்பு இறக்குமதிக் கம்பனிகளின் களஞ்சியங்களில் சட்டப்படி இருக்கிறது. சீனி, அரிசி, எண்ணெய், தானியம் எல்லாம் சில மாதத்துக்குப் போதும். இதில் கோப்பியும் அடக்கம். 2019இல் கோப்பியில் சத்து ஒன்றும் இல்லை, உயிர்வாழத் தேவையில்லை, பட்டியலில் இருந்து எடுத்துவிடலாம் என்று அரசாங்கம் சொன்னது. வந்த எதிர்ப்பில் திட்டத்தைக் கைவிட்டார்கள். பிளேன்ரீக்கு யாராவது அப்படிச் சொல்லியிருந்தால் நாங்களும் விட்டிருக்கமாட்டோம்.

ஒன்று மட்டும் எங்கள் ஆட்கள் கவனிக்கவேண்டும். நிலக்கீழ் அறையில் மூன்று மூடை அரிசி இருக்கிறது என்று நிம்மதியாக இருக்கிறோம். இங்கே எல்லோருடைய அடுப்பும் மின்சாரம். மின்சாரம் நின்றால் அந்த அரிசி வெறும் கல். அரசாங்கத்தின் பட்டியலிலும் சமைக்காமல் சாப்பிடக்கூடியதையே முக்கியமாகச் சொல்கிறார்கள். எங்கடை வீட்டில் அது என்ன? அவல், வறுத்த மா, எள்ளுப்பா, புழுக்கொடியல், மீன் பேணி. ஃபொண்டு சமைக்கிற சின்ன அடுப்பு ஒன்றும் அதற்குரிய எரிபொருளும் இருந்தால் தேத்தண்ணியாவது வைக்கலாம். போன மாதம் மகள் வந்து பார்த்துவிட்டு, "அப்பா, இந்தப் பேணியின்ரை திகதி முடிஞ்சு ரெண்டு வருசம்" என்று மூன்றை எடுத்து வெளியே வைத்தாள். மற்றதை எல்லாம் திகதிப்படி முன்னுக்குப் பின் அடுக்கி, ஒரு கடுதாசியில் எழுதிக் கதவில் ஒட்டியிருக்கிறாள். ஜேர்மனில் எழுதியிருக்கிறாள், புழுக்கொடியலை மட்டும் தமிழில்.