கட்டுப்பாட்டுச் சேனல்: ரேடியோ மாதிரி விமானங்களில் அதன் வரலாறு

ரேடியோவால் இயக்கப்படும் மாதிரி விமானத்தில் சேனல் என்பது, தரையில் நிற்பவரின் ஒரு கட்டளையை மற்றக் கட்டளைகளோடு கலக்காமல் விமானத்துக்குக் கொண்டுசேர்க்கும் தனி வழி. இதே சொல்லுக்கு இன்னொரு பொருளும் உண்டு. அமெரிக்காவில் மாதிரி விமானங்களுக்கென ஒதுக்கப்பட்ட 72 மெகாஹெர்ட்ஸ் பட்டையில் 11 முதல் 60 வரை எண்ணிட்ட அலைவரிசைகளும் சேனல்கள்தாம். ஒரே எண்ணில் இருவர் டிரான்ஸ்மிட்டரைத் திறந்தால் பறந்துகொண்டிருக்கும் விமானம் விழும். அதனால்தான் பறக்கும் திடல்களில் எண் பலகை வைத்து, அதில் தன் எண்ணுக்குரிய முளையை எடுத்தவர் மட்டுமே பறக்கவிடலாம் என்று விதி செய்தார்கள். இக்கட்டுரை பேசுவது முதற்பொருளை. கருவியின் பெட்டிமேல் நான்கு, ஆறு, பத்து என்று அச்சிடப்படுவது அதன் எண்ணிக்கையே. எண் கூடினால் கருவி மேலானது என்று பலரும் எடுத்துக்கொள்கிறார்கள். சேனலின் வரலாறு வேறு கணக்கைச் சொல்கிறது. விமானம் எவ்வளவு நயமாகக் கையாளப்படும் என்பதைப் பெரிதும் தீர்மானித்தது, ஒவ்வொரு சேனலும் எவ்வகைச் செய்தியைச் சுமந்தது என்பதே.

நிக்கோலா டெஸ்லா 1898-இல் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் ரேடியோவால் ஒரு படகை ஓட்டிக் காட்டினார். மாதிரி விமானத்துக்கு அந்த வித்தை வர ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் பிடித்தன. மிச்சிகன் மாநிலத்துக் கலமசூவைச் சேர்ந்த இரட்டையர்களான வால்ட்டர் குட்டும் வில்லியம் குட்டும் 1937-இல் பறக்கவிட்ட ‘கஃப்’ என்ற விமானம் இன்று ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அடுத்துவந்த ஆண்டுகளில் பரவலாக நிலைத்தது ஒற்றைச் சேனல் முறை. அதன் உள்ளுறுப்பைக் கிட்டே பார்க்க வேண்டும். விமானத்தின் உடலுக்குள் நீளவாக்கில் முறுக்கேற்றிய ரப்பர் பட்டை ஒன்று. அதன் முனையில், கடிகாரத்தில் இருப்பது போன்ற ஒரு தடுப்பு. அதை விடுவிக்க ஒரு சிறு மின்காந்தம். தரையில் பொத்தானை அழுத்தினால் காந்தம் இழுக்கும், தடுப்பு விலகும், ரப்பரின் முறுக்கு வால்சுக்கானை முழுக்க வலப்புறம் தள்ளும். பொத்தானை விட்டால் சுக்கான் நடுவுக்கு வரும். அடுத்த அழுத்தலுக்கு இடப்புறம். மறுபடியும் வலமே வேண்டுமென்றால் இடத்தைக் கடந்துதான் போகவேண்டும். எந்த முறையில் இருக்கிறோம் என்பதை ஓட்டுபவர்தான் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். இறக்கைகள் இரண்டும் நுனி உயர்ந்து ஆழமற்ற V போல அமைந்திருந்ததால், சுக்கான் மூக்கைத் திருப்பியதுமே வெளிப்புற இறக்கை எழும்பி விமானம் சாய்ந்து வளையும். அந்த இறக்கை வடிவத்தின் தயவால்தான் ஒரே ஒரு சேனல் போதுமானதாக இருந்தது.

அடுத்து வந்த ரீட் கருவிகள் எண்ணிக்கையை ஒரே தாவலில் உயர்த்தின. ஆர்மோனியத்துக்குள் இருக்கும் ரீடுகளைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். ரிசீவருக்குள் வெவ்வேறு நீளமுள்ள மெல்லிய எஃகுத் தகடுகள் சீப்புப் பற்களைப் போல வரிசையாக நிற்கும். டிரான்ஸ்மிட்டர் ஒரு குறிப்பிட்ட சுருதியை அனுப்பினால் அந்தச் சுருதிக்குரிய தகடு மட்டும் அதிர்ந்து மின்தொடர்பை ஏற்படுத்தும். அதற்குரிய மோட்டார் ஓடும். பத்துத் தகடுகள் இருந்தால் பத்துச் சேனல். ஆனால் வலத்துக்கு ஒன்று, இடத்துக்கு ஒன்று என்று ஒவ்வோர் உறுப்பும் இரண்டிரண்டு தகடுகளை விழுங்கியது. ஆகவே பத்துச் சேனல் கையாண்டது ஐந்து வேலைகளை மட்டுமே: சுக்கான், விமானத்தை உருளச் செய்யும் ஏலரான், மூக்கை ஏற்றி இறக்கும் எலிவேட்டர், விசையைக் கூட்டிக் குறைக்கும் திராட்டில், எலிவேட்டரின் நுண்திருத்தம். அவற்றிலும் திருப்பும் உறுப்புகளுக்கு முழுமை அல்லது இன்மை என்பதைத் தவிர இடைநிலை கிடையாது. சற்றே சாய் என்று சொல்ல அந்தக் கருவிக்கு மொழி இல்லை.

இங்கே ஒரு மறுப்பு எழும். 1960-இல் சுவிட்சர்லாந்தின் டூபெண்டார்ஃபில் நடந்த, ரேடியோ மாதிரி விமானங்களுக்கான முதல் உலகப் போட்டியில் எட் காஸ்மிர்ஸ்கி வென்றது ரீட் கருவியோடுதானே? உண்மைதான். ஆனால் தேர்ந்த ரீட் ஓட்டுநர்களின் விரல்கள் என்ன செய்தன என்பதைக் கவனிக்க வேண்டும். நெம்புகோலை அழுத்தியபடி வைத்திராமல் விடாது தட்டிக்கொண்டே இருந்தார்கள். முழுத் திருப்பமும் நடுநிலையும் விரைவாக மாறி மாறி வர, சராசரியில் ஓர் இடைநிலை பிறந்தது. கருவி தராத அளவை விரல் தந்தது. அந்த வெற்றி ஓட்டியவரின் அபாரத் திறமைக்குச் சான்று. பத்து என்ற எண்ணுக்குச் சான்றாகாது. எதிர்முனைச் சான்றும் இருக்கிறது. ‘கேலப்பிங் கோஸ்ட்’ என்ற முறையில் சேனல் ஒன்றே. விட்டு விட்டு வரும் துடிப்பில், அழுத்தத்துக்கும் ஓய்வுக்குமான விகிதம் சுக்கானுக்கு. துடிப்பின் வேகம் எலிவேட்டருக்கு. விமானம் வாலை ஆட்டிக்கொண்டே பறந்தது, பார்க்கவும் அழகாக இல்லை. ஆனாலும் ஒற்றைச் சேனலிலிருந்து இடைநிலைகளும் கொண்ட இரண்டு கட்டளைகளைக் கறந்துவிட்டார்கள்.

1960-களில் உருவான டிஜிட்டல் புரொபோர்ஷனல் முறை, சேனல் என்ற கருத்தையே மாற்றியது. அதைப் புரிந்துகொள்ள நம் முறைப்பாசனம் நல்ல துணை. ஒரே வாய்க்கால்; வயல்கள் பல; ஒவ்வொருவருக்கும் முறை வரும்போது அவரவர் மடை திறக்கும். இங்கும் ரேடியோ அலை ஒன்றுதான். சுமார் 20 மில்லி வினாடி கொண்ட ஒரு சுற்றில் முதல் முறை ஏலரானுக்கு, அடுத்தது எலிவேட்டருக்கு என்று வரிசையாகப் போகும். மடை எவ்வளவு நேரம் திறந்திருந்தது என்பதே செய்தி: 1.5 மில்லி வினாடி என்றால் நடுநிலை, 1 என்றால் ஒரு முனை, 2 என்றால் மறுமுனை. சுற்று முடிந்ததும் வரும் நீண்ட இடைவெளியைக் கண்டு, அடுத்த துடிப்பு முதலாமவருக்குரியது என்று ரிசீவர் அறிந்துகொள்ளும். விமானத்தில் உறுப்பை அசைக்கும் சிறு மோட்டார் கருவியான சர்வோவின் வெளித்தண்டோடு சேர்ந்து சுழலும் மின்தடை ஒன்று, தண்டு இப்போது இருக்கும் நிலையைச் சொல்லிக்கொண்டே இருக்கும். வந்த துடிப்பின் நீளத்தை அந்த நிலையோடு ஒப்பிட்டு, வித்தியாசம் தீரும்வரை மோட்டார் ஓடும். கையில் குச்சி எவ்வளவு சாய்ந்ததோ அவ்வளவே அங்கே ஏலரானும் சாயும். இத்தகைய கருவிகளைத் தயாரித்த ஃபில் கிராஃப்ட் 1967-இல் உலகப் பட்டம் வென்றார். ரீட் கருவிகள் சில ஆண்டுகளில் வழக்கொழிந்தன. பத்திலிருந்து நான்குக்கும் ஐந்துக்கும் இறங்கி வந்தபோது யாரும் அதை இழப்பாகக் கருதவில்லை.

அப்படியானால் எண்ணிக்கைக்குப் பொருளே இல்லையா என்று கேட்கலாம். நான்கு வரை நிச்சயமாக உண்டு. சுக்கான், எலிவேட்டர், திராட்டில் மூன்றும் உள்ள பயிற்சி விமானம் நன்றாகவே பறக்கும். ஆனால் பக்கக்காற்றில் ஒரு இறக்கையைத் தாழ்த்தி, மூக்கை ஓடுபாதைக்கு நேராகப் பிடித்து இறங்க ஏலரானும் சுக்கானும் தனித்தனியாகப் பணிய வேண்டும். மெதுவான உருளலுக்கும் அப்படியே. விமானம் உருளவும், மூக்கை ஏற்றி இறக்கவும், திரும்பவும், விசையைக் கூட்டிக் குறைக்கவும் நான்கு கட்டளைகள். இரண்டு கட்டைவிரல்கள் இரண்டு குச்சிகளில் ஒரே சமயத்தில் தரக்கூடியதும் அந்த நான்குதான். ஐந்தாவதும் ஆறாவதும் பெரும்பாலும் சக்கரங்களை மடக்கவும் இறக்கையின் பின்விளிம்பிலுள்ள ஃபிளாப்பைத் தாழ்த்தவும் பயன்படும் சுவிட்சுகள். ஒருமுறை தட்டினால் வேலை முடிந்தது.

இன்று 2.4 கிகாஹெர்ட்ஸில் இயங்கும் கருவிகள் 16 சேனலும் அதற்கு மேலும்கூடத் தருகின்றன. ஸ்பெக்ட்ரம் நிறுவனம் 2005-இல் டிஎக்ஸ்6 கருவியை விற்கத் தொடங்கிய பின் இந்த முறை வேகமாகப் பரவியது. எண் பலகையின் தேவையும் குறைந்துபோனது. ஒரு பெரிய ஜெட் மாதிரியில் இந்தச் சேனல்கள் போகும் இடத்தைத் தொடர்ந்து பார்த்தால் கணக்கு விளங்கும். இரண்டு ஏலரானுக்கு இரண்டு சேனல், இரண்டு எலிவேட்டருக்கு இரண்டு, ஃபிளாப்புக்கு இரண்டு. ஏலரானுக்கான இரண்டையும் அசைப்பது ஒரே குச்சி. மேலே போகும் ஏலரானை அதிகமாகவும் கீழே வருவதைக் குறைவாகவும் அசைக்கும் கணக்கை டிரான்ஸ்மிட்டருக்குள் இருக்கும் கணிப்பொறி போட்டு, இரண்டு வெவ்வேறு எண்களாக அனுப்புகிறது. அந்த வசதி மிகப் பயனுள்ளது; ஒவ்வொரு சர்வோவின் நடுநிலையையும் எல்லையையும் தனித்தனியே திருத்த முடிவதால் இறக்கை ஒருபுறம் இழுப்பது நிற்கிறது. ஆயினும் ஓட்டுபவரின் கையிலிருந்து புறப்பட்ட கட்டளை அங்கே ஒன்றுதான், அதைச் சுமப்பவை இரண்டு.