நாங்களா, நாமா?

அமெரிக்க அரசமைப்புச் சட்டத்தைத் தமிழாக்குகிறவர் முதல் தொடரிலேயே நின்று யோசிக்க வேண்டும். ‘மக்களாகிய நாங்கள்’ என்பதா, ‘மக்களாகிய நாம்’ என்பதா? ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல். தமிழில் ‘நாம்’ என்றால் கேட்பவரும் உள்ளே இருக்கிறார். ‘நாங்கள்’ என்றால் வெளியே நிற்கிறார். 1787இல் அதை எழுதிய மாநாட்டில் பெண் உறுப்பினர் ஒருவர்கூட இல்லை. என் மாணவிகளிடம் ‘நாங்கள்’ என்றே எழுதச் சொல்வேன்.

ஆனாலும் வாக்காளர் ஆணாக இருக்க வேண்டும் என்று அந்தச் சாசனம் எங்கும் சொல்லவில்லை. யார் வாக்களிக்கலாம் என்பதை மாநிலங்களிடம் விட்டுவிட்டது. நியூ ஜெர்சியில் ஐம்பது பவுண்டு சொத்துள்ள பெண்கள் வாக்களித்தார்கள். 1797ஆம் ஆண்டுத் தேர்தல் சட்டம் வாக்காளரை ‘அவன் அல்லது அவள்’ என்றே குறித்தது. மனைவியின் சொத்து கணவனுக்குரியது என்பது அன்றைய சட்டம். ஆகவே மணமாகாதவர்களுக்கும் கணவனை இழந்தவர்களுக்குமே அந்த வாய்ப்பு. 1807இல் அதுவும் போயிற்று. வரி செலுத்தும் வெள்ளை ஆண்களுக்கு மட்டுமே வாக்கு என்று மாநிலச் சட்டமன்றம் விதித்தது.

உள்நாட்டுப் போருக்குப் பின், 1868இல், பதினான்காம் திருத்தம் வந்தது. விடுதலை பெற்ற கறுப்பின மக்களை அதன் முதல் பிரிவு குடிமக்களாக்கியது. இரண்டாம் பிரிவில், வாக்காளரைப் பற்றிப் பேசுமிடத்தில், ‘ஆண்’ என்ற சொல் முதன்முறையாக அரசமைப்புச் சட்டத்தில் ஏறியது.

பெண்கள் முதல் பிரிவைப் பிடித்துக்கொண்டார்கள். நாங்களும் குடிமக்கள், எங்களுக்கும் வாக்கு உண்டு என்று வாதிட்டார்கள். 1872இல் சூசன் பி. ஆந்தனி ரோச்செஸ்டரில் வாக்களித்துக் கைதானார். நீதிபதி அவரைச் சாட்சி சொல்லவிடவில்லை. ஜூரிகளைக் கலந்து பேசவும் விடாமல், குற்றவாளி என்று தீர்ப்பளிக்கப் பணித்தார். நூறு டாலர் அபராதத்தை ஆந்தனி கடைசிவரை கட்டவில்லை. அதே ஆண்டு செயின்ட் லூயிஸில் வெர்ஜீனியா மைனரின் பெயரை வாக்காளர் பட்டியலில் பதிய அதிகாரி மறுத்தார். மணமான பெண் தனியாக வழக்குத் தொடுக்க முடியாது. கணவர் ஃபிரான்சிஸும் சேர்ந்தே வழக்காட வேண்டியிருந்தது. 1875இல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொன்னது: பெண்கள் குடிமக்களே, ஆனால் குடியுரிமை என்பது வாக்குரிமை ஆகாது.

அடிமைச் சட்டங்களைவிட நாசூக்கான மொழி இது. நீ எங்களவள் அல்ல என்று சொன்னால் எதிர்த்து நிற்கலாம். நீயும் நம்மில் ஒருத்திதான், முடிவெடுக்கும் இடத்துக்கு மட்டும் வராதே என்று சொன்னால், எதிர்ப்பவள் நன்றிகெட்டவளாகிவிடுகிறாள்.

பாலினத்தைக் காட்டி வாக்குரிமையை மறுக்கக் கூடாது என்ற பத்தொன்பதாம் திருத்தம் 1920இல் நிறைவேறியது. தெற்கு மாநிலங்களின் கறுப்பினப் பெண்களுக்கு அப்போதும் கதவு திறக்கவில்லை. 1962இல் மிசிசிப்பியில் ஃபேனி லூ ஹேமர் பதிவுசெய்யப் போனபோது, மாநிலச் சாசனத்தின் ஒரு பிரிவுக்கு விளக்கம் எழுதச் சொன்னார்கள். தேறவில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். பதினெட்டு ஆண்டுகள் உழைத்த பருத்திப் பண்ணையிலிருந்தும் அவர் வெளியேற்றப்பட்டார். 1965ஆம் ஆண்டின் வாக்குரிமைச் சட்டம் வந்த பிறகே அந்தச் சோதனைகள் ஒழிந்தன.

பதினான்காம் திருத்தத்தில் ‘ஆண்’ என்ற சொல் இன்றும் அச்சில் இருக்கிறது. யாரும் அதை நீக்கவில்லை. பின்வந்த திருத்தங்கள் அதைச் செயலற்றதாக்கிவிட்டன. அந்தச் சாசனத்தை மாணவிகளோடு படிக்கும்போது அந்த வரியைத் தாண்டிப்போக நான் விடுவதில்லை. ‘நாங்கள்’ என்பதை ‘நாம்’ என்று திருத்தி எழுத எத்தனை பெண்கள் எத்தனை அலுவலக வாசல்களில் நிற்க வேண்டியிருந்தது என்பதற்கு அது சாட்சி.