ஆயிரம் ரூபாய்ச் சம்பளக் கோரிக்கை

இலங்கையின் மலையகத் தோட்டத் தொழிலாளர்கள் நாட்சம்பளமாக 1000 ரூபாய் கேட்டு நடத்திய போராட்டம். பெருந்தோட்டக் கம்பனிகளின் பெயர் சமூக ஊடகங்களில் அலசப்படவும் இது வழிவகுத்தது.

1992இல் அரச தோட்டங்களின் நிர்வாகம் கம்பனிகளிடம் போனது. அதன்பின் சம்பளத்தைத் தொழிற்சங்கங்களும் முதலாளிமார் சம்மேளனமும் கூட்டு ஒப்பந்தம் வழியாகத் தீர்மானித்தன. 2016 ஒப்பந்தப்படி அடிப்படைச் சம்பளம் 500 ரூபாய். கொடுப்பனவுகள் எல்லாம் சேர்ந்தால் 730.

அந்த 730 எல்லோர் கைக்கும் வரவில்லை. குறித்த கிலோ தேயிலைக் கொழுந்து எடுக்காவிட்டால் ஊக்கக் கொடுப்பனவு இல்லை. நிறுவை குறைந்தால் 'அரைப்பேர்' விழும், அதாவது அரைநாள் சம்பளம்தான்.

முன்பு இத்தகைய குறைகள் காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்களத்திலும், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்து வாசலிலும் பேசப்பட்டு அடங்கின. ஹட்டன், நுவரெலியாப் பகுதிகளிலிருந்து கொழும்புக் கடைகளுக்கு வேலைக்குப் போன பிள்ளைகளின் கைபேசிகள் அவற்றை வெளியே கொண்டுவந்தன. 2018 அக்டோபர் 24 அன்று, பெரும்பாலும் முகநூல் அழைப்பை ஏற்று, ஆயிரக்கணக்கான இளைஞர்கள் கறுப்பு உடையில் கொழும்பு காலிமுகத்திடலில் திரண்டனர்.

2019 ஜனவரியில் கையெழுத்தான ஒப்பந்தம் அடிப்படைச் சம்பளத்தை 700 ரூபாயாக்கியது. 1000 ரூபாய், சம்பள நிர்ணய சபையின் வழியாக 2021 மார்ச்சில் வர்த்தமானியில் வெளியானது: அடிப்படை 900, வரவுசெலவுத் திட்டக் கொடுப்பனவு 100. கம்பனிகள் அதை எதிர்த்து நீதிமன்றம் சென்றன.

சம்பளம் உயர்ந்தபோதும், தோட்டத்தில் வேலைக்குப் பேர் பதிய இளையோர் தயங்குவதால் கொழுந்தெடுக்க ஆள் தட்டுப்பாடு தொடர்கிறது.