கேட்பாரற்ற ஓசை

அரபுக் கல்லூரியின் மேல்வகுப்பில் ஒலியைப் பற்றிய பாடம் வரும்போது, பெரும்பாலும் ஒரு மாணவர் இவ்வினாவை எழுப்பிவிடுவார்: "ஹஜ்ரத், கேட்பதற்கு எவருமே இல்லாத இடத்தில் ஓசை உண்டா?" இஃது அறிவைத் தீட்டும் பயிற்சி மட்டுமே என்று நாமும் நெடுங்காலம் எண்ணியிருந்தோம். ஒரகடத்திலிருந்து வந்த ஓர் இளைஞர் அவ்வெண்ணத்தை மாற்றினார்.

அவர் வாகன உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றின் பிரஸ் பிரிவில் வேலை பார்ப்பவர். ஓதலைச் சீர்செய்துகொள்ள ஞாயிறுதோறும் நம்மிடம் வருவார். சில ஆண்டுகளுக்கு முன் 'ஃதா'வையும் 'ஸீனை'யும் பிழையின்றிப் பிரித்தறிந்தவர், இப்போது நாம் இரண்டையும் மாறிமாறி ஒலித்துக்காட்டினாலும் வேறுபாடு தெரியாமல் விழித்தார். "வேலையிடத்தில் இரைச்சல் மிகுதியோ?" என்று கேட்டோம். "முதலில் தாங்க முடியவில்லை ஹஜ்ரத். இப்போது பழகிவிட்டது, அது காதில் விழுவதே இல்லை" என்றார். கேட்காத ஓசை இல்லாத ஓசையாகிவிடுமா? வகுப்பறை வினாவை நாம் மீண்டும் கையிலெடுக்க நேர்ந்தது.

இவ்வினாவை எழுப்பியவர்கள் பிற்கால ஐரோப்பியர்களே என்ற எண்ணம் நம்மிடையே உண்டு. உண்மையில் இதன் வரலாறு மிகப் பழையது. கேட்டலும் ஒலித்தலும் செயல் நிலையில் ஒன்றே, ஆயினும் கேட்கப்படும் தகுதி என்ற அளவில் ஒலி தனித்து நிற்கும் என்று கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில் (கி.மு. 384–322) ஆன்மாவைப் பற்றிய நூலில் பிரித்துக் காட்டினார். அதனை மேலும் ஆழமாக ஆராய்ந்தவர் இப்னு ஸீனா (ஹிஜ்ரி 370–428, கி.பி. 980–1037). அவருடைய 'கிதாபுஷ் ஷிஃபா'வில் நஃப்ஸ் பற்றிய பகுதியில் செவிப்புலனுக்கெனத் தனி இயல் உண்டு. ஸ்ரீபெரும்புதூரில் இராமானுசர் பிறந்ததாக மரபு கூறும் 1017ஆம் ஆண்டு, இப்னு ஸீனாவின் வாழ்நாளுக்குள்ளேயே அடங்குகிறது என்பதை இங்கு நினைவிற்கொள்ளலாம்.

ஒலி பிறக்கும் வழிகள் இரண்டு என்கிறார் இப்னு ஸீனா. ஒன்று 'கர்உ', அதாவது ஒரு பொருள் மற்றொன்றின்மீது வலிந்து மோதுதல். மற்றொன்று 'கல்உ', ஒட்டியிருந்தது வலிந்து பிரிதல். இரண்டிலும் காற்றோ நீரோ அலைவுறுகிறது. அவ்வலைவு செவியை எட்டும்போது கேட்டல் நிகழ்கிறது. தகட்டின்மீது அச்சு இறங்கும் மோதலும், துளையிடும்போது தகடு அறுபடும் பிளவும் ஒருங்கே நிகழும் பிரஸ் எந்திரத்தை அவர் கண்டதில்லை. எனினும் அவருடைய இரு சொற்களும் அதற்கு அப்படியே பொருந்துகின்றன.

அடுத்து அவர் நம் வினாவுக்கே வருகிறார். ஒலி அலைவோடு வெளியிலும் உள்ளதா, அன்றிச் செவி தாக்குண்ட பிறகுதான் தோன்றுகிறதா? செவிக்குள் மட்டுமே தோன்றுவதாயின், ஓசை எத்திசையிலிருந்து, எவ்வளவு தொலைவிலிருந்து வந்தது என்பதை நாம் அறிய வழியில்லை. ஆனால் அறிகிறோம். ஆகவே ஒலிக்கு வெளியிலும் ஒருவகை இருப்பு உண்டு. அது 'செயலால் கேட்கப்பட்டது' என்ற முறையில் அன்று, 'ஆற்றலால் கேட்கத்தக்கது' என்ற முறையில்தான் என முடிக்கிறார். நம் பாடத்திட்ட மரபில் புகழ்பெற்ற 'அல் மவாகிஃப்' நூலில் அல்லாமா ஈஜீ (மறைவு: ஹிஜ்ரி 756) அவர்களும் ஒலி வெளியில் உள்ளது என்பதற்குத் திசையறிவையே சான்றாக வைத்தார்கள்.

இன்றைய அறிவியல் இவ்வாதத்தைச் சற்றே திருத்தும். இரு செவிகளுக்கும் ஓசை வந்து சேரும் நேரத்திலும் வலிவிலும் உள்ள நுண்ணிய வேறுபாட்டைக் கொண்டே மூளை திசையைக் கணிக்கிறது. ஆனால் அவ்வேறுபாட்டைத் தருவது புறத்தேயிருந்து வரும் அலைதானே! சான்று திருந்தினும் முடிவு நிலைத்தே நிற்கிறது.

பாரத நாட்டிலும் இதையொட்டிய விவாதம் நடந்தது. ஒலி தோன்றி மறையும் பண்பு என்றனர் நியாய வாதிகள். சொல் என்றுமுள்ளது, உச்சரிப்பு அதனை வெளிப்படுத்துவதேயாகும் என்றனர் மீமாம்சகர்கள். தொல்காப்பியரோ பிறப்பியலில், அகத்தே எழும் வளியிசையின் அளவை மறையோர்க்கு விட்டு, புறத்தே வந்து பொருள் தரும் ஒலியை மட்டுமே தாம் உரைப்பதாக எல்லை வகுத்துக்கொண்டார்.

மறுதரப்பினரும் எளியவர்கள் அல்லர். உயிரினத்தை நீக்கிவிட்டால் சுவையும் மணமும் ஒலியும் வெறும் பெயர்களே என்று கலீலியோ 1623இல் எழுதினார். ஆளில்லாத் தீவில் மரம் விழுந்தால் ஓசை உண்டா என்ற வினா 1883இல் அமெரிக்க ஏடொன்றில் எழுந்தது. செவி இல்லையேல் ஒலி இல்லை என்று மறு ஆண்டே 'சயின்டிஃபிக் அமெரிக்கன்' இதழ் விடையிறுத்தது. ஆனால் அதே 1883, ஆகஸ்ட் 27இல் கிரகடோவா எரிமலை வெடித்தது. அவ்வோசை சுமார் 4,800 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள ரோட்ரிகஸ் தீவு வரை மனிதச் செவிக்கு எட்டியது. அதற்கப்பால் எவரும் கேட்கவில்லை. எனினும் அவ்வலை உலகைப் பலமுறை சுற்றி வந்ததை நாடுதோறும் இருந்த காற்றழுத்தமானிகள் பதிவுசெய்தன. கேட்பவர் முடிந்த இடத்தில் ஓசையின் வேலை முடிந்துவிடவில்லை.

இனி ஒரகடத்து இளைஞரிடம் திரும்புவோம். உட்செவியில் சுமார் 15,000 மயிரணுக்கள் உள்ளன. மனிதரிடத்தில் அவை ஒருமுறை அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. நெடுநாள் இரைச்சல் முதலில் 4,000 ஹெர்ட்ஸை ஒட்டிய உயர்ந்த அதிர்வெண்களைக் கேட்கும் திறனையே அரிக்கிறது. 'ஸீன்', 'ஃதா' போன்ற உரசொலிகள் தம்முள் வேறுபடுவது பெரிதும் அவ்வுயர் பகுதியில்தான். உயிரொலிகளோ தாழ்ந்த பகுதியில் இருப்பதால் தொடர்ந்து கேட்கும். எனவே இத்தகையவர் தம்மைச் செவித்திறன் குறைந்தவர் என்று உணர்வதில்லை. பிறர் தெளிவின்றிப் பேசுவதாகவே எண்ணுவார். "பழகிவிட்டது" என்ற சொல்லில் உள்ள ஆபத்து இதுவே. மனம் ஓசையைப் பொருட்படுத்தாது விடலாம், செவி மங்கியும் போகலாம். ஓசை அணுவளவும் குறைந்திராது. 'ஆற்றலால் கேட்கத்தக்கது' என்று இப்னு ஸீனா குறித்தது, கேட்கப்படாமலே செவியை அழிக்கவும் வல்லது.

1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் அறிவிக்கத்தக்க நோய்ப் பட்டியலில் இரைச்சலால் விளையும் செவித்திறன் இழப்பும் இடம்பெற்றது. அச்சட்டத்தை ஒட்டிய மாதிரி விதிகள் 8 மணி நேரப் பணிக்கு 90 டெசிபலை எல்லையாக வைத்தன. உலகின் பல நாடுகள் ஏற்ற 85 டெசிபலைவிட இது எண்ணில் 5 மட்டுமே கூடுதல். ஓசையின் ஆற்றலிலோ மூன்று மடங்குக்கும் மேல். 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் கார் உற்பத்தி தொடங்கிய பின் இப்பகுதி கண்ட வளர்ச்சியை நாம் குறைத்து மதிப்பிடவில்லை; எத்தனையோ குடும்பங்களின் அடுப்பு அதனால் எரிகிறது. அந்த உழைப்பாளிகளின் செவியும் அக்கணக்கில் சேர வேண்டும் என்பதே நம் கோரிக்கை.

ஆளரவமற்ற பாலையில் ஆட்டு மந்தையோடு இருந்தாலும் பாங்கின் குரலை உயர்த்துமாறும், அதனைக் கேட்கும் ஒவ்வொரு பொருளும் மறுமையில் சாட்சி சொல்லும் என்றும் அறிவிக்கும் நபிமொழி ஸஹீஹுல் புகாரீயில் உள்ளது. அல்லாஹ்வை 'அஸ்ஸமீஉ' என்று போற்றும் நமக்கு, கேட்பார் அறவே இல்லாத இடம் என ஒன்று இல்லை. ஆயின் இந்த நம்பிக்கை, அடியார்கள் செவியைக் காக்கும் கடமையிலிருந்து நம்மை விடுவிப்பதன்று. மறுமையில் செவியும் விசாரிக்கப்படும் என்பதும் திருமறையின் எச்சரிக்கையே.

அவ்விளைஞரைச் செவிப் பரிசோதனைக்கு அனுப்பியுள்ளோம். காதடைப்பானைக் கழுத்தில் தொங்கவிடாமல் காதிலேயே அணியுமாறும் சொல்லியிருக்கிறோம். காஞ்சிபுரம், ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்துப் பள்ளிவாசல்களின் இமாம்கள் ஜும்ஆவுக்குப் பின் இதனை இரண்டு நிமிடம் எடுத்துரைத்தால் போதும். ஓதலில் எழுத்து மாறும் இளைஞர்களைத் திருத்துமுன், அவ்வெழுத்து அவர்கள் செவிக்கு எட்டுகிறதா என்று முதலில் கேட்டறியட்டும்.